உஷார்! முகூர்த்தத் தேதியைப் பார்த்துக் கண்ணுக்கு லேசர் வைக்காதீர்கள்

“பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, அடுத்த மாசம் கல்யாணம், அதுக்குள்ள கண்ணாடியை எடுத்துடணும்” என்று கண் மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள்.

“பத்து நிமிஷ வேலை, வலிக்காது, ரெண்டு நாள்ல ஆபீஸ் போகலாம்” என்று விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். லேசிக் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் திருப்தியாகவே இருக்கிறார்கள். செய்யக்கூடாத கண்ணுக்கு அவசரத்தில் செய்துவிடும்போதுதான் விபரீதம். அப்படி ஒரு கண் உங்கள் பிள்ளையுடையதாக இருந்தால் கண்ணாடிக் கடையில் அது தெரியாது. கண்ணாடியிலும் லென்ஸிலும் ஏதாவது சரிப்படவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். லேசரில் அந்த வசதி கிடையாது.

லேசிக்கில் கருவிழியின் மேலே மெல்லிய மூடிபோல ஓர் அடுக்கை வெட்டித் தூக்கி, அடியில் இருக்கும் திசுவை எக்ஸைமர் லேசரால் செதுக்கிவிட்டு, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். செதுக்கிய திசு மறுபடி வளராது. அதனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். கருவிழியின் சராசரி கனம் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூடிக்கு 110 போகிறது. ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 14 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 6 பவர் உள்ளவருக்கு 84 போனாலும் அடியில் 346 மிஞ்சும். அதுவே கருவிழி 490 மைக்ரான்தான், பவர் மைனஸ் 9 என்றால் மிஞ்சுவது 254. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லைக்கோடு. இன்று பல மருத்துவர்கள் 300 வேண்டும் என்கிறார்கள். “உங்களுக்கு எத்தனை மிஞ்சும்?” என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கனம் போதுமானதாக இருந்தாலும் கெரட்டோகோனஸ் என்றொரு நோய் ஒளிந்திருக்கலாம். கருவிழி மெலிந்து கூம்புபோல முன்னே புடைக்கும் நோய் இது. ஆரம்பத்தில் சிலிண்டர் பவர் ஏறுவதுபோல மட்டுமே தெரியும். அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் இளவயதுக்காரர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இதைக் காட்டிக்கொடுப்பது டோப்போகிராபி என்கிற கருவிழி வரைபடம். ஒழுங்கான கண்ணின் படம் பச்சையும் மஞ்சளுமாகச் சீராக இருக்கும். நோய் உள்ள கண்ணில் பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கமாகச் சிவப்புத் திட்டு நிற்கும். அந்தத் திட்டைக் கவனிக்காமல் லேசர் வைத்தால், சில மாதங்களிலோ சில வருடங்களிலோ கருவிழி தளர்ந்து புடைத்துக்கொள்ளலாம். பிறகு கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை, ஸ்க்லீரல் எனப்படும் பெரிய ஹார்டு லென்ஸ், முற்றினால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. கண்ணாடியைக் கழற்றப் போனவருக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாத நிலை வந்துவிடும்.

எக்ஸைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் நுணுக்கமாகச் செதுக்கும் என்று 1981-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசுவாமி சீனிவாசன். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சக விஞ்ஞானிகளோடு அதைச் செய்தார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எந்தக் கண்ணில் அது பாயலாம் என்று தீர்மானிப்பது பரிசோதனை செய்கிற மனிதர்.

அதனால்தான் “காலையில் டெஸ்ட், மதியம் ஆபரேஷன்” என்கிற சலுகை பேக்கேஜ்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸை இரண்டு வாரமாவது, ஹார்டு லென்ஸை அதைவிட அதிக நாளும் கழற்றி வைத்த பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், பவர் ஒரு வருடமாவது ஏறாமல் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். முடக்குவாதம் இருந்தால் மறைக்காதீர்கள்.

கண் வறட்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூடியை வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுகின்றன. அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர் வரை மூன்றாவது மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகும், சிலருக்கு ஆகாது. ஏசி அறையில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் உண்டு.

ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று ஆர்ஆர்பி அறிவிப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தேறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாற்பது தாண்டினால் படிக்கிற கண்ணாடி எப்படியும் வரும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு லேசருக்குப் பிறகும் விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருக்கிறது, அதையும் பரிசோதித்துக்கொண்டே இருங்கள்.

எல்லாம் பார்த்துத்தான் செய்துகொண்டீர்கள் என்றால், பழைய பவர், கருவிழி கனம், வரைபடம் அத்தனையையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். செதுக்கிய கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் கிளாகோமா கண்ணில் படாமல் போகலாம். பின்னாளில் கண்புரைக்கு வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும் அந்தப் பழைய அளவுகள் உதவும். இனி எந்தக் கண் டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் “எனக்கு லேசிக் செய்திருக்கிறது” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.