மாடல் ஹெலிகாப்டர்: பறப்பது வானத்தில், அடிபடுவது தரையில்

கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் சங்க உறுப்பினர்கள் சிலரை வீட்டில் பிடிக்க முடியாது. ஒரு நீளப் பெட்டி, மடக்கு நாற்காலி, கூலரில் தயிர்சாதம் சகிதம் மாடல் விமான மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே அவர்கள் விடுவது ரேடியோ மூலம் இயக்கும் மாடல் ஹெலிகாப்டர். பொங்கல் விழாவில் இதைப் பற்றி இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், "இந்த வயதில் கற்றுக்கொள்ளலாமா டாக்டர்?" என்றார். இன்னொருவர் ஓர் அம்மா. பையன் கேட்கிறானாம், வாங்கித் தரலாமா என்று. இருவருக்கும் என் பதில் "தாராளமாக" என்பதுதான். ஆனால் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ட்ரோனைப் போல் இது கையை எடுத்தால் அந்தரத்தில் நிற்காது. சில புதிய மாடல்களில் தானே நிமிர்ந்துகொள்ளும் வசதி உண்டு என்றாலும், ஒழுங்காக ஓட்ட வேண்டுமானால் ஏற்றம் இறக்கம், வால் திரும்புவது, முன்பின், இடவலம் ஆகிய நான்கையும் இரண்டு கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஹெலிகாப்டரின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். மூளை இதற்குப் பழகும் வரை எல்லோரும் கீழே போடுவார்கள். அதனால்தான் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பல மணி நேரம் பழகச் சொல்கிறார்கள். அங்கே விழுந்தால் காசு செலவில்லை! ஆரம்பத்தில் கை நடுங்குவது பதற்றத்தால் தான், பயப்பட வேண்டாம். கை, கண், கவனம் மூன்றுக்கும் இது நல்ல பயிற்சி. கிளப்புகளில் நட்பு முறையில் போட்டியும் வைப்பார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, சுழலும் இறக்கையின் வேகத்தை மட்டும் வைத்துத் தரையில் போட்ட வட்டத்துக்குள் மெதுவாக இறக்க வேண்டும். பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். பெரிய வகையான 700 அளவு மாடலில் இறக்கை ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர் நீளம். நிமிடத்துக்குச் சுமார் 2000 தடவை சுற்றும்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இறக்கையோ கெட்டியான கார்பன் ஃபைபர். 2013 செப்டம்பரில் நியூயார்க் புரூக்ளினில் ஒரு பூங்காவில், 19 வயது இளைஞர் ஒருவர் தான் இயக்கிய ஹெலிகாப்டரே தலையில் பட்டு இறந்துபோனார். அவர் புதியவர் அல்ல, அனுபவசாலி. எனவே இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பின்கட்டில் பிள்ளைகள் நடுவே விடாதீர்கள். விடுபவரே 30 அடிக்குக் குறையாமல் தள்ளி நிற்பது நல்லது. வேடிக்கை பார்ப்பவர்கள் அவருக்கும் பின்னால் நிற்க வேண்டும்.

ஆனால் நான் பார்த்த காயங்கள் பறக்கும்போது ஏற்பட்டவை அல்ல. கராஜில், மேஜை மேல் வைத்து ஏதோ சரிசெய்யும்போது ஏற்பட்டவை. எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் அப்படித்தான் பாட்டரியை இணைத்துவிட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்மிட்டரில் கை பட்டு மோட்டார் கிளம்பிவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தவர், "சின்ன வெட்டுதான் அண்ணி, ஒரு பிளாஸ்டர் போட்டுவிடுங்கள் போதும்" என்றார். வெட்டு சின்னதுதான். ஆனால் சுட்டுவிரலின் நுனியை மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. உள்ளே தசைநாண் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, பிறகு பல வாரம் கட்டை வைத்துக் கட்டு, அதற்குப் பிறகு கைக்கான பயிற்சி என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. பிளாஸ்டரோடு விட்டிருந்தால் அந்த விரல் மடங்காமலே போயிருக்கும்.

ஆகவே விரலில் வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். நடுநடுவே துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். ரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலின் நுனியையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். மடங்காவிட்டால், நீளாவிட்டால், அல்லது நுனி மரத்துப்போயிருந்தால், காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. கண்ணில் சிதறல் குத்தியிருந்தால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கோப்பையை அழுத்தாமல் கவிழ்த்து வைத்து 911 கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் தவிர்க்க வழி எளிது. வீட்டில் வைத்துச் சரிசெய்யும்போது மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும். மைதானத்தில் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகுதான் ஹெலிகாப்டர் பாட்டரி. முடிக்கும்போது முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். மோட்டாரை முடக்கி வைக்கும் 'த்ராட்டில் ஹோல்ட்' ஸ்விட்சைப் போடாமல் ஹெலிகாப்டர் கிட்டேயே போகக் கூடாது.

லித்தியம் பாலிமர் பாட்டரி இன்னொரு தலைவலி. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். கீழே விழுந்து அடிபட்ட பாட்டரி சற்று நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம், உடனே காருக்குள் வைக்க வேண்டாம். அந்தப் புகை விஷம், விலகி நின்று 911 கூப்பிடுங்கள். கையைச் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

அந்தப் பெரியவருக்காக இன்னும் கொஞ்சம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெயிலில் நேரம் போவது தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். சாப்பாட்டு நேரம் தப்பினால் சர்க்கரை இறங்கிவிடும், கையில் ஹெலிகாப்டர் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. பையில் ஜூஸ் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். மோட்டாரில் வலுவான காந்தம் இருக்கிறது, ஆகவே பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலில் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு: பொழுதுபோக்காக விடுபவர்கள் சிறுவரோ பெரியவரோ, எஃப்.ஏ.ஏ.வின் இலவச 'ட்ரஸ்ட்' தேர்வை முடித்திருக்க வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட மாடல் என்றால் பதிவும் செய்ய வேண்டும். 1936 முதல் இயங்கும் ஏ.எம்.ஏ. அமைப்பின் கிளப் பெரும்பாலான ஊர்களுக்கு அருகில் இருக்கும். உறுப்பினருக்குக் காப்பீடும் உண்டு. கடைக்குப் போகும் முன் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள். கட்டுப் போட்டுக்கொண்ட நம் நண்பரும் அங்கேதான் இருப்பார், பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டுவார்.