காற்றை அளக்க எங்கே நிற்பது?

களவெட்டியில் பொலி தூற்றும்போது காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் சுளகைப் பிடிக்கிறோம். காற்றிலுள்ள கதிரியக்கத்தை அளக்கும் நிலையத்துக்கு இடம் பார்ப்பதும் அப்படித்தான்.

1986 ஏப்ரல் 26 இல் செர்னோபில் அணுஉலை வெடித்தது. வெளியுலகம் அதை அறிந்தது இரண்டு நாட்களின் பின், ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடனிலிருந்த கருவிகளால். எமக்கு அண்மையிலுள்ள கூடங்குளத்தில் முதல் உலை 2013 இல் இயங்கத் தொடங்கியது. மன்னாருக்கு ஏறத்தாழ 250, திருகோணமலைக்கு 390 கிலோமீற்றர். சோழகக் காலத்தில் காற்று கடலைத் தாண்டி எம் பக்கமே வருகிறது. இலங்கை அணுசக்திச் சபை கரையோரங்களில் முன்னெச்சரிக்கைக் கருவிகள் வைத்தது இதனால்தான்.

மர நிழலும் மதிலோரமும் இதற்கு ஆகா. மின்சாரம் தடைப்படக் கூடாது. மழைமானியும் பக்கத்தில் வேண்டும். மழை பெய்தால் காற்றிலுள்ள இயற்கைக் கதிரியக்கம் நிலத்தில் இறங்கி அளவு சற்று ஏறும்.

எமது மாவட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. புல்மோட்டைக் கறுப்பு மணலில் தோரியம் கலந்த மொனசைட் இருக்கிறது. அதன்மேல் கருவியை வைத்தால் எந்நாளும் கூடுதலாகவே காட்டும். வீண் பயம் ஒருபுறம். விபத்து நாளில் வரும் சிறு ஏற்றம் அதில் மறைந்துபோவது மறுபுறம். ஆகவே சோழகம், வாடை இரண்டிலும் வழமையான அளவு என்ன என்று முதலில் பதிந்துகொள்ள வேண்டும்.

காவலுள்ள வேலிக்குள் கருவி பத்திரமாக இருக்கும், சரி. ஆனால் கதிரியக்க அயடீன் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, பிள்ளையின் தொண்டைச் சுரப்பியில் சேர்கிறது. 2006 இல் இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்றுப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்த எமக்கு, மாட்டை இன்று மேயவிடலாமா என்பதே கேள்வி. அந்த அளவு தமிழில் கமநல சேவை நிலையப் பலகையில் எழுதப்பட வேண்டும் என்று கேட்போம்.