அடைக்கலம்: காப்பவரா, காக்கப்படுபவரா?

இடருற்ற காலத்தில் இறைவனைத் தஞ்சமடையும் மனநிலையைப் பாடும் பழம்பாடல்களுள் எபிரேய விவிலியத்தின் 46ஆம் திருப்பாடல் ஒன்று. நிலம் நடுங்கி, மலைகள் கடலுள் சாயினும் அஞ்ச வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. அங்கு இறைவனைச் சுட்டும் சொற்களுள் ‘மக்சே’, ‘மிஸ்காப்’ என்னும் இரண்டு கருதத்தக்கவை. முன்னது மழைக்கும் புயலுக்கும் ஒதுங்கும் இடம். பின்னது ‘உயர்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, பகைவர் எட்டவியலாத உயரிடத்தை உணர்த்துவது. இரண்டும் இடம் பற்றிய சொற்களே.

1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்து, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள தமிழ்ப் பதிப்பு, முன்னதை ‘அடைக்கலம்’ என்றும் பின்னதை ‘உயர்ந்த அடைக்கலம்’ என்றும் பெயர்க்கிறது. இங்கு அடைக்கலம் என்பது காப்பவராகிய இறைவன்.

ஆனால் பழந்தமிழ் வழக்கு இதற்கு நேர்மாறான திசையில் செல்வதைக் காணலாம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். அடைக்கலம் ஆகுபவள் கண்ணகி, மாதரியல்லள். திருவாசகத்தின் அடைக்கலப் பத்திலும் அடியவர் தம்மையே இறைவனுக்குரிய அடைக்கலமாகக் கூறிக்கொள்கிறார். அடைக்கலங்காத்த ஐயனார் என்னும் ஊர்த்தெய்வப் பெயரும் இப்பொருளையே இன்றளவும் பேணி வருகிறது. காக்கப்பட்டது எதுவோ அதுவே அடைக்கலம்.

வேற்றுமை உருபு நோக்கின் இம்மாற்றம் தெளிவாகும். ‘இறைவன் நமக்கு அடைக்கலம்’ என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை ஏற்பவர் காக்கப்படுபவர். ‘யாம் இறைவனுக்கு அடைக்கலம்’ என்னும் தொடரில் அதை ஏற்பவர் காப்பவர். சொல்லும் உருபும் ஒன்றே. உறவு மட்டும் தலைகீழாகிறது. முன்னதில் துன்புற்றவன் ஓடிச்சென்று ஒதுங்குகிறான். பின்னதில் அவன் ஒப்படைக்கப்பட்ட பொருளாகிறான். காக்கும் பொறுப்பு ஏற்றவர்மேல் விழுகிறது.

‘சரணம்’ என்னும் சொல்லின் சிக்கல் வேறு வகையினது. வடமொழியில் புகலைக் குறிக்கும் சொல்லும் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் முதலொலியால் வேறுபட்டவை. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘சரணம்’ என ஒன்றாயின. அடி பணிதலும் புகல் அடைதலும் ஒரே செயலாகத் தமிழருக்குத் தோன்றுவதற்கு இவ்வெழுத்தொற்றுமையும் ஓரளவு துணைசெய்திருக்கலாம்.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘மிஸ்காப்’ என்பதற்கு ‘அரண்’ என்னும் சொல்லை ஆள்கிறது. இது மிகப் பொருத்தமான தேர்வு எனலாம். திருக்குறளின் அரண் அதிகாரம் கோட்டைக்கு வேண்டிய இயல்புகளாக உயரம், பரப்பு, வலிமை, எளிதில் நெருங்கவியலாமை ஆகியவற்றை எண்ணுகிறது. இவற்றுள் முதலும் இறுதியும் எபிரேயச் சொல்லின் உட்பொருளே. ‘உயர்ந்த’ என்னும் அடை இங்குத் தேவைப்படவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ இவ்விடத்தில் உயரத்தைக் கைவிட்டுத் துணைநிற்பவர் என்னும் பொருளுடைய சொல்லை இட்டது.

தமிழிலிருந்து பெயர்ப்போருக்கே இடர் மிகுதி. அடைக்கலப் பத்தின் ‘அடைக்கலம்’ ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூஜ்’ என்று மட்டும் பெயர்க்கப்படுமாயின், அடியவர் தம்மைப் பற்றிக் கூறியது இறைவனைப் பற்றிய கூற்றாகிவிடும். ‘உன் காவலில் விடப்பட்டவன்’ என விரித்துப் பெயர்த்தல் நீளமாயினும் பிழையற்றது.