விக்கிரவாண்டியில் நகராத கார்

திண்டிவனத்தில் மாஸ்டர் சிலிண்டர் புதிதாகப் போட்ட பழைய மாருதி 800 விழுப்புரம் கிளம்புகிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கச்சிதம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டி கனத்துப் போகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உருளாமல் நிற்கப் பார்க்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றது நின்றதுதான், முதல் கியரிலும் நகரவில்லை. முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. ஓரங்கட்டி, டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்து எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

மறுநாள் திருப்பிக் கொண்டுபோனால் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆறிப்போன வண்டியில் அந்தக் கோளாறு இருக்காது. ஆனாலும் வாடிக்கையாளர் விடமாட்டார் என்பதால் காலிப்பரைக் கழற்றுவார், பேடு மாற்றுவார், பில் ஏறும். பழைய வண்டிக்காரர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது மாற்றத்தில்தான். பார்ட் மாற்றிய உடனே ஒரு தொல்லை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மாற்றிய இடத்தை. அடுத்த பார்ட்டை வாங்கப் போவது அப்புறம்.

நடப்பது இதுதான். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் டப்பாவோடு சேரும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்ததும், சூட்டில் விரிந்த ஆயில் அந்த வழியாகத் திரும்ப வேண்டும். பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டரிலிருந்தும், இல்லாததில் பெடலிலிருந்தும் வரும் கம்பிதான் உள்ளேயிருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பழைய சிலிண்டருக்குச் சரியாக இருந்த கம்பி, புதியதற்கு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் போதும். பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது; ரப்பர் வாஷர் துளையை மூடிக்கொண்டே நிற்கும். திரும்ப வழியில்லாத ஆயில் பேடை லேசாக அழுத்தியபடி இருக்கும். உராய்வில் சூடு, சூட்டில் ஆயில் விரிவு, விரிந்ததில் இன்னும் அழுத்தம். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் சக்கரம் இறுகிவிடும்.

ஆகவே ஆறவிடாதீர்கள். வண்டி இறுகி நிற்கும்போதே, சமதளத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே இழுக்கச் சொல்லுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் குற்றவாளி அந்தக் கம்பி. நீளத்தைச் சரிசெய்தால் முடிந்தது, பார்ட் எதுவும் வேண்டாம். விடவில்லையா? சிலிண்டரிலிருந்து போகும் பைப்பின் நட்டைச் சற்றுத் திறக்கட்டும். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விட்டால் கோளாறு சிலிண்டருக்குள்ளேயே. அதிலும் விடாமல், சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதிதுபோலவே தெரியும். நிப்பிளைத் திறந்தும் அசையாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டனையும் ஸ்லைடு பின்னையும் பார்க்க வேண்டும். பின் சக்கரமானால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்கள். பைப்பையோ நிப்பிளையோ திறந்திருந்தால், பிறகு ஏர் எடுத்தே தீர வேண்டும். பிரேக் ஆயில் கண்ணில் படக்கூடாது. பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஓசி அடையாளம் ஒன்று: பிரேக் லைட். பெடலைத் தொடாதபோதும் எரிகிறதென்றால் பெரும்பாலும் பெடல் மேலே வரவில்லை. அந்த லைட்டுக்கான சுவிட்சைத் தவறாக முடுக்கினாலும் அது பெடலைக் கொஞ்சம் அமுக்கியே வைத்திருக்கும்.

இனி பார்ட் வாங்கும் கதை. மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில், உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாசடரும் அதே ஆண்டு மே மாதம் நின்றுபோனது. பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன பிறகும் டிஎன் 16, டிஎன் 32 பலகையோடு இந்த வண்டிகள் ஓடத்தான் செய்கின்றன. பார்ட்டுக்கு, புதிதென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழசென்றால் புதுப்பேட்டை. சென்னை பாடியில் 1962 முதல் பிரேக் செய்யும் கம்பெனி இருக்கிற மாநிலத்தில் ஒரிஜினலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே மாதிரிப் பெட்டியில் வரும் டூப்ளிகேட்டுக்கும் பஞ்சமில்லை.

புதுப்பேட்டைச் சரக்கில் பெரிய வம்பு அளவு. வெளித்தோற்றம், போல்ட் துளை எல்லாம் பொருந்தும். உள்விட்டம் வேறாக இருக்கும். ஐந்தெட்டு அங்குலம் இருந்த இடத்தில் முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்தால் பரப்பு 1.44 மடங்கு ஆகிவிடும். அதே பிரேக்குக்குக் கால் 44 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். பெடலோ மேலேயே கட்டையாக நிற்கும். வாங்கியவர் “சூப்பர் டைட்” என்று மகிழ்வார். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு டிராக்டர் குறுக்கே வரும்போதுதான் விஷயம் புரியும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்குவது வேறு கதை. ஏர் எத்தனை முறை எடுத்தாலும் போகவில்லையென்றால் காலிப்பர்களைப் பாருங்கள். இடது வலது மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேயே தங்கும். நாள் முழுக்க மிதித்தாலும் வராது. பெடல் பாதிவரை சும்மா போய், இரண்டாம் மிதிக்கு மேலே வந்தால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூவுக்கு இடைவெளி அதிகம். தேய்ந்த டிரம்முக்குள் புது ஷூ போட்டால் நடுவில் மட்டும்தான் படும். உட்கார்ந்து வரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அந்த லைனிங் தூசியை கம்ப்ரசரால் ஊதவிடாதீர்கள்; பழையதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது டீசல் தட்டைப் பார்க்கும்போது. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்று இருக்கிறது. போல்ட், பேரிங், கியர் எல்லாம் அதில் குளிக்கின்றன. பழக்க தோஷத்தில் வீல் சிலிண்டரும் குளித்துவிடுகிறது. டீசலோ பெட்ரோலோ பட்டால் பிரேக் ரப்பர் ஊறி உப்பிவிடும். இன்று பூட்டும்போது ஒன்றும் தெரியாது, சில நாளில் ஜாம். புது பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவுவதுதான் முறை. அலமாரியில் திறந்தே கிடக்கும் ஆயில் டின்னும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 140தான். கொதித்தால் பைப்புக்குள் ஆவி, காலடியில் வெறும் பெடல்.

வேலை முடிந்ததும் பைபாஸில் ஏறிவிடாதீர்கள். ஊருக்குள், கூட்டமில்லாத தெருவில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்னிரண்டும் ஒரே சூட்டில், பின்னிரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் வேலை பாக்கி. முன்னிரண்டுமே அனலடித்தால் மறுபடி மாஸ்டர் சிலிண்டர் நட்டுக்குப் போங்கள்.