துருவச் சுழல் பிளந்தபோது

2019ஆம் ஆண்டு சனவரி இறுதி வாரத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களைத் தாக்கிய கடுங்குளிர் எங்ஙனம் விளைந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

வடதுருவத்துக்கு மேலே, சுமார் முப்பது கிலோமீற்றர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் உறைகுளிர்க் காற்று மேற்கிலிருந்து கிழக்காகச் சுழன்றுகொண்டிருக்கும். இதுவே துருவச் சுழல். பத்திரிகைகள் இதனைப் புதிதாய்ப் பிறந்த பூதம்போல் எழுதின. வானிலை அறிஞருக்கோ இது நெடுநாட் பழகிய பொருள். சுழல் வலுவாயிருக்கும்வரை குளிர் பெரும்பாலும் துருவத்தின் அயலிலேயே அடைபட்டிருக்கும். அவ்வாண்டு சனவரித் தொடக்கத்தில் அம்மேல்வளி திடீரென வெப்பமுற, சுழல் பிளந்தது. சில வாரங்களில் துருவக் குளிர் தெற்கே வழிந்தது. கிழக்கு மேற்காகக் குறுக்கிடும் மலைத்தொடர் அங்கில்லை. ஆதலால் அதற்குத் தடையுமில்லை.

28ஆம் திகதி பெய்த பனி நிலத்தை மூடிற்று. புதுப்பனி ஞாயிற்றின் ஒளியைத் திருப்பிவிடும் இயல்பினது. இரவிலோ எஞ்சிய வெப்பத்தையும் வானுக்கு விரைந்து இழக்கும். 30ஆம் திகதி சிக்காகோவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 31 பாகை செல்சியசு. மறுநாள் இலினோய் மாநிலத்து மவுண்ட் கரல் என்னும் சிற்றூரில் அது 39 பாகைவரை இறங்கி, மாநிலத்தின் பழைய பதிவை முறியடித்தது.

இத்தகைய குளிரிற் காற்றும் வீசுமாயின், மூடாத தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும். பல மாநிலங்களில் தபால் விநியோகமும் நின்றது. இருப்புப்பாதைகள் கிளைக்கும் இடங்களிற் பனிக்கட்டி இறுகாதிருக்க எரிவாயுச் சுவாலைகளை மூட்டினர். சிக்காகோவில் பஸ் வண்டிகளை வெப்பமூட்டி, வீடற்றோர்க்குப் புகலிடமாக நிறுத்தினர். எனினும், அப்பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பெப்ரவரி 3ஆம் திகதி அந்நகரிற் பனி உருகியோடியது.