கார்க் கண்ணாடியில் கார்த்திகைக் குமிழிகள்

கார்த்திகை ஞாயிறு என்றால் சோளிங்கர் கொண்டபாளையத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மலைமேல் யோக நரசிம்மர் கண் திறக்கும் மாதம் அது. 1,305 படி ஏற வருகிறவர்களோடு, புது வண்டிக்குப் பூசை போட வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அப்படித்தான் என் அக்கா மகனும் வந்தான். முந்தின நாள்தான் காருக்கு சன் ஃபிலிம் ஒட்டியிருந்தான். அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தால், பின்கதவுக் கண்ணாடி முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி கொப்புளம். "மாமா, ஏமாத்திட்டாங்க" என்று நகத்தால் குத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உளுந்து அளவில் ஒன்று. விரல் நுனியால் லேசாகத் தொட்டதும் கொழகொழவென்று பக்கவாட்டில் நழுவியது. இன்னொன்று அழுத்தினால் அமுங்கி, விரலை எடுத்ததும் பழைய இடத்திலேயே எழுந்தது. மூன்றாவது, நடுவில் கூரான முனை வைத்த கூடாரம் போல நின்றது. அதன் உச்சியில் கடுகைவிடச் சிறிய மணல் துகள். பார்வைக்கு எல்லாம் குமிழிதான். ஆனால் முதலாவது தண்ணீர், இரண்டாவது காற்று, மூன்றாவது தூசு. மூன்றுக்கும் மூன்று தலைவிதி.

ஃபிலிமின் பின்பக்கத்தில் இருப்பது தொட்டால் பிடித்துக்கொள்ளும் பசை. உலர்ந்த கண்ணாடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். கோணல் வந்தால் திருத்த முடியாது. அதனால் கண்ணாடி மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை அதில் மிதக்கவிட்டு, இடம் பார்த்து நகர்த்தி, ரப்பர் விளிம்புள்ள தட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் தங்கத்தான் செய்யும்.

தோல் பதனிடும் தொழிலிலும் இதற்கு உடன்பிறப்பு போல ஒரு வேலை உண்டு. ஈரத்தோலைப் பசை தடவிக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, சுருக்கமும் காற்றும் போகத் தேய்த்து, வெப்பக் கூடத்துக்குள் அனுப்பி உலர்த்தும் முறை அது. அங்கே தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. தோலில் நுண்துளை இருக்கிறது, ஆவியாகப் போய்விடுகிறது. ஆனால் சன் ஃபிலிம் துளையே இல்லாத பாலியெஸ்டர். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருள். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் பாலியெஸ்டர். நடுவில் மாட்டிய தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்?

ஃபிலிமுக்குள்ளேயே நுழைந்துதான் போகிறது. பாலியெஸ்டர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் கூட்டம். அந்தச் சங்கிலிகள் ஓயாமல் அசைகின்றன. அசையும்போது சங்கிலிக்குச் சங்கிலி கண நேர இடுக்கு திறந்து மூடும். தண்ணீர் மூலக்கூறு ஓர் இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குத் தாவித் தாவி மறுபுறம் வந்து, காருக்குள் இருக்கும் காற்றில் கலந்துவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் சின்னப் பிள்ளை புகுந்து வெளியே வருவதுபோல.

கணக்குப் போட்டாலும் பொருந்துகிறது. 25 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் வழியாக, 38 டிகிரியில், ஒரு பக்கம் நல்ல ஈரமும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால், ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் நீராவி கடக்கும். 20 மைக்ரான் தடிமனில் தண்ணீர் படலம் தங்கியிருந்தால் சதுர மீட்டருக்கு அதன் எடையும் 20 கிராம்தான். கார் ஃபிலிமில் அடுக்குகள் கூடுதல், குமிழியின் உயரமும் கூடுதல் என்பதால் ஒரு நாள் வேலை சில நாட்களாகவோ சில வாரங்களாகவோ நீள்கிறது.

அப்படியென்றால் காற்றும் அதே வழியில் போகலாமே? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மூலக்கூறுகள் போவது மட்டுமல்ல, வரவும் செய்யும். குமிழிக்குள் ஈரம் நிறைந்திருக்கிறது, வெளியே குறைவு. அதனால் போகிற தண்ணீர் அதிகம், வருகிறது குறைவு. ஆனால் குமிழிக்குள் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியிலும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கின்றன. போகிறது எவ்வளவோ வருவதும் அவ்வளவு. போதாக்குறைக்கு நைட்ரஜனுக்கு பாலியெஸ்டரைக் கடப்பதே பெரும்பாடு. அதனால் காற்றுக் குமிழி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது.

முன்பக்கக் கண்ணாடியைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கும் இதே தலைவலி உண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டும்போது சிக்கும் காற்றை, ஏறத்தாழ 140 டிகிரி வெப்பமும் வளிமண்டலத்தைப் போல் 12 மடங்கு அழுத்தமும் கொடுத்து அந்தப் பிளாஸ்டிக்கிலேயே கரைத்துவிடுகிறார்கள். தெருவோரக் கடையில் அந்த உலை கிடையாது.

இப்போது கார்த்திகைக்கு வருவோம். மழை மூட்டத்தில் கண்ணாடி 25 டிகிரி என்றால் குமிழிக்குள் நீராவி அழுத்தம் 3.2 கிலோபாஸ்கல். வெளிக்காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அங்கே 2.9. வித்தியாசம் வெறும் 0.3. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடி 60 டிகிரியைத் தொட்டால் குமிழிக்குள் 20 கிலோபாஸ்கல். வெளியே அதே மூன்றுக்கு அருகில். தண்ணீரைத் தள்ளும் விசை ஐம்பது மடங்குக்கும் மேல் கூடுகிறது. வேலூர் வெயிலை நாம் திட்டாத நாளில்லை. ஃபிலிம் ஒட்டியவருக்கு அதைவிட நல்ல கூலியாள் கிடைக்கமாட்டார்.

மெல்லிய ஏட்டின் அடியில் குமிழி எழுவது பெரிய ஆய்வகங்களின் பொருளும்கூட. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீன் ஏட்டின் கீழ் சிக்கும் நுண்குமிழிகளை மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு அளந்து 2016இல் வெளியிட்டது. குமிழி பெரிதோ சிறிதோ, உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் விசையும் இழுபடாமல் இருக்கப் பார்க்கும் ஏடும் செய்துகொண்ட சமரசம் அந்த வடிவம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பின்னர் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அவற்றின்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி புகும் ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அதைவிட இருட்டானது வேண்டாம். இரவில் சாலையைக் கடக்கும் ஆள் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

பல வருடம் கழித்து, ஊதா நிறம் ஏறிய ஃபிலிமில் வரும் பெரிய உப்பல் வேறு கதை. வெயிலில் சாயமும் பசையும் செத்துப்போனதன் அடையாளம் அது. உரித்து எறிவதுதான் வழி.

அக்கா மகன் காரில் தண்ணீர்க் குமிழிகள் மறைய மூன்று வாரம் ஆனது. காற்றும் தூசும் இருந்த கண்ணாடிக்குக் கடைக்காரரே புது ஃபிலிம் போட்டுக் கொடுத்தார். நீங்களும் ஒட்டிய முதல் வாரம் கண்ணாடியை இறக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்தும் அசையாத குமிழி இருந்தால், அதைக் கடைக்காரரிடம் தாராளமாகக் காட்டிக் கேளுங்கள்.