சர்வர் நலம், தளம் காணோம்!

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரம் இரவு ஒன்பது மணியைத் தாண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்கூட விழவில்லை. கடிகாரச் சின்னம் அப்படியே நின்றது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்கவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டவர்கள், ரீசார்ஜ் முடிந்துவிட்டதோ என்று பார்த்தவர்கள், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னவர்கள் என ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியில்லை.

பெயர்களுக்கு விடை தரும் ஃபேஸ்புக்கின் சர்வர்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால், அவற்றை அடையும் வழி இணையத்திலிருந்தே மறைந்துவிட்டது.

ஒரு தளம் திறக்க, வரிசையாக மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நாம் தட்டும் பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் கண்டுபிடித்துத் தர வேண்டும். அந்த எண்ணுக்குப் போகும் பாதை இருக்க வேண்டும். பாதையின் முடிவில் உள்ள கணினி பதில் சொல்ல வேண்டும். 'சைட் டவுன்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது இம்மூன்றில் ஏதோ ஒன்று அறுந்ததைத்தான். எது அறுந்தது என்று தெரியாமல் ஏன் அறுந்தது என்று தேடுவது வீண் வேலை.

ஒரே ஒரு கட்டளை

அந்த இரவில் நடந்ததை ஃபேஸ்புக்கே பிறகு விளக்கியது. அதன் டேட்டா சென்டர்களை உலகம் முழுக்க இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் வழக்கமான பராமரிப்பு வேலை. எவ்வளவு கொள்திறன் இருக்கிறது என்று அளக்கக் கொடுத்த ஒரு கட்டளை, மொத்த இணைப்பையும் துண்டித்துவிட்டது. தப்பான கட்டளைகளைத் தடுக்க ஒரு மென்பொருள் உண்டு. அதிலும் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். பெரிய நெட்வொர்க்குகள் 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொண்டே இருக்கும். பிஜிபி என்ற முறை இது. ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள், தங்கள் டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் 'என் இணைப்பில் கோளாறு, என்னிடம் வராதீர்கள்' என்று தம் அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு செய்தால் அது நல்ல ஏற்பாடு. அன்று எல்லாமே ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. வீடும் தெருவும் அப்படியே இருக்க, ஊருக்கு வழிகாட்டும் பலகைகளை மட்டும் பிடுங்கிப் போட்டதுபோல ஆயிற்று.

பொறியாளர்கள் பழுது பார்க்கப் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் அவையும் படுத்துவிட்டன. டேட்டா சென்டருக்கே நேரில் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. எளிதில் யாரும் நுழைய முடியாதபடி கட்டிய இடம். உள்ளே போகவும், போன பிறகு கருவிகளைத் தொடவும் கூடுதல் நேரம் பிடித்தது. தளங்கள் மீளச் சுமார் ஆறு மணி நேரம். நமக்கு அப்போது விடியற்காலை மூன்று மணி.

திரை சொல்லும் துப்பு

பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியை யாரும் படிப்பதில்லை. அறுந்த இடத்துக்கான துப்பு அதில்தான் இருக்கிறது. 'என்எக்ஸ்டொமைன்' என்று வந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று டிஎன்எஸ் சொல்கிறது: எழுத்துப்பிழையாக இருக்கலாம், டொமைன் காலாவதியாகியிருக்கலாம். 'டைம்டு அவுட்' என்றால் பெயருக்குரிய எண் கிடைத்தது, தட்டிய கதவுக்குப் பதில் இல்லை. பாதை அறுந்திருக்கலாம், ஃபயர்வால் தடுத்திருக்கலாம், கணினியே அணைந்திருக்கலாம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது, தளத்தை நடத்தும் மென்பொருள்தான் நின்றுவிட்டது. 502, 503 போன்ற எண்கள் வந்தால் நம் இணைப்பில் குறையில்லை. கோளாறு அந்தப் பக்கம். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், தளத்தைக் குறை சொல்லுமுன் நம் போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தேதி தவறினால், தளத்தை உறுதிசெய்யும் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும்.

அடுத்த சோதனை இன்னும் எளிது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் சிக்கல் வீட்டு இணைப்பில் அல்லது அதைத் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில். அதற்கு 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு மாறிப் பார்க்கலாம். 'பிங்' போட்டுப் பதில் வராததை மட்டும் வைத்துத் தளம் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைத்த சர்வர்கள் ஏராளம்.

விபத்தா, உத்தரவா?

வெளியிலிருந்து பார்த்தால் விபத்தும் உத்தரவும் ஒன்றுபோலவே தெரியும். 2011 ஜனவரி 28 அன்று நள்ளிரவு கடந்து அரைமணி நேரத்தில் எகிப்தின் சுமார் 3,500 பிஜிபி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அதிபர் முபாரக்கை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்திருந்த நேரம். ஒரு நாடே ஏறக்குறைய இணையத்திலிருந்து மறைந்தது. ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பியது. 2008 பிப்ரவரி 24 அன்று இரண்டும் கலந்தன. பாகிஸ்தானுக்குள் யூடியூபைத் தடுக்க உத்தரவு. அதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் உள்ளுக்குள் செய்த பொய் அறிவிப்பு வெளியே கசிந்தது. உலகெங்கும் யூடியூப் தேடிப் போனவர்கள் அந்தத் திசைக்குத் திருப்பப்பட்டார்கள். அது சரியாவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது.

தளம் நடத்துபவர்களுக்கு

பெரிய நிறுவனங்களும் சில்லறை மறதியில் சறுக்கியிருக்கின்றன. 1999 டிசம்பரில் பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயருக்கான புதுப்பித்தல் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் செலுத்தத் தவறியது. அந்தப் பெயர் வழியாகவே உள்நுழைய வேண்டியிருந்ததால், ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. வெளியாள் ஒருவர், ஒரு புரோகிராமர், 35 டாலரைத் தன் கையிலிருந்து கட்டிச் சரிசெய்தார். 2020 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் டீம்ஸ் சேவை, ஒரு சான்றிதழ் காலாவதியானதால் சில மணி நேரம் முடங்கியது.

நம்மூரில் சிறு கடையோ பள்ளியோ சொந்த டொமைன் வாங்கும்போது, பதிவுக் கணக்குக்கு அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவது உண்டு. டொமைன் காலாவதியானால் தளத்தோடு அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். கணக்கின் பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் வந்து சேராது. ஃபேஸ்புக்குக்கு நேர்ந்ததும் இதுதான்: பழுது நீக்கும் வழி, பழுதானதன் வழியாகவே போனது. ஆகவே பதிவுக் கணக்குக்கு வேறொரு மின்னஞ்சலைக் கொடுங்கள். காலாவதித் தேதியைச் சுவர்க் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.